நடுவில் ஒரு ‘க்’

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எங்கே உட்கார வேண்டும், யாருடைய கண்ணைப் பார்க்கக் கூடாது, எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த கையேட்டில் இருக்கிறது. அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. கையேட்டில் இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் சங்கதிகள் சில என்னிடம் உண்டு, அவற்றை உள்ளே கூப்பிடத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பத்தைந்து வயதில் உரைபெயர்ப்பாளர் வேலையை விட்டவள் நான். அதை ஓய்வு என்றால் என் கால்கள் சிரிக்கும். இருபது வருடம் மற்றவர்களுடைய வாக்கியங்களுக்குள் குடியிருந்தேன். காலையில் ஒருவருடைய பல்வலி, மத்தியானம் இன்னொருவருடைய விவாகரத்து, பின்னேரம் ஒரு குடும்பம் எல்லை கடந்த கதை. எல்லாவற்றையும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. நான் இனி இந்த மனிதனோடு வாழ மாட்டேன். நான் பனிக்குள் நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து என் சொந்தக் குரலில் ‘தேத்தண்ணி வேணும்’ என்று சொன்னால், அது யாருடைய தேத்தண்ணி என்று ஒரு கணம் யோசிப்பேன்.

நமக்காக நாமே பேச வேண்டி வந்தால் மட்டும், ‘உரைபெயர்ப்பாளர் பேசுகிறார்’ என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். முதல் மாதம் இது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிறகு அந்த மூன்றாம் ஆளில் ஒரு பிரியம் வந்துவிடும். எனக்கு வந்தது. அவளைக் குறைவாகவே வெளியே விட்டேன், விட்ட நேரங்களில் அவள் என்னைக் காப்பாற்றினாள்.

முதலில் ஒரு சின்னக் கதை. அரசாங்கத்துக்கு ஒரு சொல் உண்டு: ஒழுங்கற்ற முறையில் நாட்டுக்குள் வந்தவர். ஆங்கிலத்தில் அது சலவை செய்து மடித்து வைத்த சொல். தமிழில் வாயில் போட்டவுடனே கசங்கிவிடும். ஒரு நேர்காணலில் அதிகாரி கேட்டார், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்: “நீங்கள் ஒழுங்கில்லாமலோ வந்தனீங்கள்?” எதிரே இருந்தவர் கழுத்துவரை பொத்தான் போட்ட மனிதர். அவருடைய முகம் சிவந்தது.

“பிள்ளை, நாங்கள் ஒழுங்கான குடும்பம். ஊருக்குள்ள விசாரிச்சுப் பாருங்கோ.”

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதக் காத்திருந்த பேனாவோடு விழித்தார். நான் அந்த மூன்றாம் ஆளை வெளியே விட்டு, கேள்வியை வேறு விதமாகக் கேட்கலாமா என்று அனுமதி வாங்கினேன். “ஐயா, எல்லையில காவலறை இல்லாத இடத்தாலயோ வந்தனீங்கள்?” “அதெண்டால் ஓம். காட்டுப் பற்றைக்குள்ளாலதான். ஆனால் வரிசையில வந்தனாங்கள்.”

இனி நான் சொல்ல வந்த கதை.

கனடாவில், ரெக்ஸ்டேல் பக்கமாக, விமானங்கள் கூரையை முகர்ந்துகொண்டு போகிற இடத்தில் ஒரு ஹோட்டல். அகதிக் கோரிக்கையாளர்களைத் தங்கவைப்பதற்காக அதை முழுதாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வரவேற்பறையில் பிளாஸ்ரிக் வாழைமரம். நீச்சல் குளத்தில் தண்ணீருக்குப் பதில் நன்கொடையாக வந்த குளிர்ச்சட்டைகள். எங்கோ ஒரு கொள்கை அசைந்தால் இங்கே லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் முளைக்கும். அறைக்குள் சமைக்கக் கூடாது என்று ஒன்று. விருந்தாளிகள் வரக் கூடாது என்று ஒன்று. அந்தக் காலத்தில் வானொலியைத் திறந்தால் இரண்டு கவலைகள்: ஹோட்டல்களுக்குக் காசு கரைகிறது, இளம் பெடியள் கத்தியோடு திரிகிறார்கள். இரண்டும் வெவ்வேறு கவலைகளாகத் தொடங்கி, பேசிப் பேசி ஒரே வாக்கியத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. உடனே சுவரில் புதிய தாள். ஆயுதம் வைத்திருப்பவர் அன்றைக்கே வெளியேற்றப்படுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இருப்பது நகரத்தின் மறுகோடியில், ரூஜில். அங்கிருந்து ரெக்ஸ்டேல் போவதென்றால் நகரத்தின் ஒரு காதுக்குள் நுழைந்து மற்றக் காதால் வெளியே வருவது. போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு ராக்சி பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

அலுவலக அறையில் நான்கு பேர். ஹோட்டலில் தங்கியிருப்பவர்களுக்குப் பொறுப்பான மொறீன், நாற்காலியில் இடுப்பை அசைத்து அசைத்து உட்காருகிற, நல்ல மனமும் நாரி நோவும் உள்ள பெண். செக்கியூரிட்டிச் சீருடையில் அபிராம், சட்டையில் குத்தியிருந்த பெயர் ‘ஏபி’. இங்கேயே பிறந்து வளர்ந்த நம்முடைய பெடியன், வேலைக்கு வந்து ஒரு மாதம். மூலையில் ஜெசிந்தா என்ற தாய், மன்னார்ப் பக்கம். அவளுக்குப் பக்கத்தில் மகன் டிலான், மடியில் ஒரு பெரிய பை. அந்தப் பையை அவன் பிடித்திருந்த பிடியில் உள்ளே உயிருள்ள ஏதோ இருக்கிறது என்று நினைப்பீர்கள்.

மொறீன் எனக்கு விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் பின்னேரம் நாலாம் மாடி நடைபாதையில் இந்தப் பெடியன் கத்தியோடு ஓடியிருக்கிறான். எதிர் அறைக்காரர் முறைப்பாடு செய்திருக்கிறார். ஏபி விசாரித்திருக்கிறான், பெடியனும் ஒப்புக்கொண்டுவிட்டான். டிலானுக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. ஆகவே அவன் இனிப் பிள்ளை இல்லை. நகரத்தின் நடுவில் உள்ள தனி ஆண்கள் தங்குமிடத்துக்குப் போக வேண்டும். பிள்ளை இல்லாத தாய்க்குக் குடும்ப அறை இல்லை, அவளுக்கு வேறெங்கோ ஒரு கட்டில். பொலிஸுக்கு அறிக்கை. அகதிக் கோரிக்கைக் கோப்பிலும் அதன் பிரதி.

“எனக்கு இது பிடித்தமான வேலை இல்லை,” என்றார் மொறீன். “ஆனால் தாள் தாள்தான்.”

ஏபி எனக்குப் பக்கத்தில் குனிந்து, உதவி செய்த பெருமையோடு சொன்னான்: “நான்தான் அன்ரி ட்ரான்ஸ்லேட் பண்ணினனான். எனக்குத் தமிழ் நல்லா விளங்கும்.”

மொறீன் தொடங்கினார். நடந்ததை நீ ஏற்றுக்கொண்டிருக்கிறாய், சரிதானே? நான் தமிழில் கேட்டேன். டிலான் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

“ஓம் அன்ரி. கத்தினது பிழைதான். அந்த அங்கிள் சாப்பிட்டிட்டுப் படுக்கிற நேரம். இனிக் கத்தமாட்டன் எண்டு இந்த அண்ணையிட்டயும் சொன்னனான்தானே.”

என் வாய் வழமைபோல ஓடியது. ஆம். நான் சத்தம் போட்டது தவறு. அந்தப் பெரியவர் உறங்கும் நேரம். இனிச் சத்தம் போட மாட்டேன் என்று—

“சத்தமா?” என்றார் மொறீன். “சத்தத்தைப் பற்றி யார் கேட்டது?”

“இல்லை அன்ரி,” என்றான் ஏபி. “கத்தி. ஹி செட் கத்தி.”

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு எழும்பிப் பாதி வழியில் பயந்து நின்றது. நம்முடைய மொழி சமையலறையில் இருக்கும் கத்தியையும் தொண்டையில் இருக்கும் கத்தலையும் ஒரே அச்சில் வார்த்து வைத்திருக்கிறது. கத்தி கொண்டு வந்தான் என்றால் ஒன்று. கத்திக்கொண்டு வந்தான் என்றால் வேறொன்று. நடுவில் ஒரு ‘க்’. அந்த ஒற்றெழுத்தின் இந்தப் பக்கம் ஒரு அறை, இரண்டு கட்டில், தாயும் மகனும். அந்தப் பக்கம் வாசலில் நிற்கும் ராக்சி.

இடையில் ஜெசிந்தாவின் குரல் வந்தது. “அக்கா, கனடாவில சத்தம் போடக் கூடாது எண்டு வரேக்குள்ளயே எல்லாரும் சொன்னவை. ஆனால் கத்தினதுக்கு வீட்டை விட்டுக் கலைப்பினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவர்கள் அதை நம்பியிருந்தார்கள், பிள்ளைகளே. நேற்றிலிருந்து நம்பியிருந்தார்கள். இந்த நாட்டில் இப்படியும் ஒரு சட்டம் இருக்கும்போல என்று நினைத்துப் பையைக் கட்டியிருந்தார்கள். எத்தனையோ விசித்திரமான தாள்களைச் சுவரில் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விசித்திரமாகப் படவில்லை.

நான் அவள் சொன்னதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, “உரைபெயர்ப்பாளர் பேசுகிறார்,” என்றேன். இந்த மொழியில் அந்த இரண்டு சொற்களும் ஒரே ஓசை என்றேன்.

மொறீன் அறிக்கையைப் பார்த்தார், பிறகு என்னை. “மிகவும் வசதியான மொழி,” என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதே இடத்துக்கு நீங்களும் ஒருநாள் வருவீர்கள். உங்களுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது, நீங்கள் சொல்வது சரி, ஆனால் நீங்களும் அந்தப் பெடியனும் ஒரே நிறம், ஒரே மொழி. வாதாடத் தொடங்கினால் நீங்கள் அவனுடைய அக்கா ஆகிவிடுவீர்கள், அதன் பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லையும் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு இலக்கணம் முழுவதும் நாக்கு நுனியில் நின்று குதித்தது. அதை விழுங்கினேன். ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன்: முறைப்பாடு செய்தவரைக் கூப்பிட்டு, பெடியனின் கையில் என்ன இருந்தது என்று கேட்டால் நல்லது. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எதிர் அறை அன்ரன் அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடும் ஹோட்டல் செருப்போடும் வந்தார். மன்னார்க் கடலே தன்னைக் கேட்டுத்தான் அலையடிக்க வேண்டும் என்பது போன்ற முகம். மொறீன் கேட்டார், நான் தமிழாக்கினேன்.

“கையிலயோ? கையில ஊத்தை உடுப்புக் கூடை. கையில பிரச்சினை இல்லைத் தங்கச்சி, வாயிலதான் பிரச்சினை. நான் கண்ணயருற நேரம், ‘அம்மா, அம்மா’ எண்டு கத்திக்கொண்டு வந்தவன். சரி, ஆருக்கோ ஏதோ ஆகிப்போச்செண்டு நான் எழும்பி ஓடி வந்தால், மெஷின் ஃப்ரீயாம்.”

“என்ன மெஷின்?” என்றார் மொறீன்.

“உடுப்புத் தோய்க்கிற மெஷின்,” என்றான் டிலான். முதல்முறையாகத் தலையை நிமிர்த்தியிருந்தான். “ஆறு மாடிக்கு ரெண்டு மெஷின் அன்ரி. நான் காலமை தொடக்கம் காவல் நிண்டனான்.”

மொறீனுக்கு அந்த மெஷின்களைத் தெரியும். அவற்றுக்கு முன்னால் நடந்த சண்டைகளைத் தீர்த்து வைத்தவர் அவர். அவருடைய முகத்தில் ஒரு பூட்டுத் திறந்தது. பிறகு ஏபியின் பக்கம் திரும்பினார். அவன் காது சிவந்து நின்றான். நான் தமிழில் மெல்லக் கேட்டேன்:

“சின்ன வயசில அம்மா உங்களைக் ‘கத்தாதை, கத்தாதை’ எண்டு ஏசேல்லையே?”

“எவ்ரி டே, அன்ரி.”

“அப்ப கத்தியைக் கீழ வை எண்டே நினைச்சனீங்கள்?”

அவன் கொஞ்ச நேரம் தன் குழந்தைப் பருவம் முழுவதையும் திருப்பி ஓடவிட்டுப் பார்த்தான். “ஓ மை காட்,” என்றான். பிறகு மொறீனிடம் தானாகவே போய், அறிக்கையில் எழுதியது தன் பிழை என்று சொன்னான். அதைச் சொல்ல ஒரு முதுகெலும்பு வேண்டும். வேலைக்கு வந்து ஒரு மாதமானவனுக்கு அது இருந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் எனக்கு நல்ல பெயர். ஆனால் மொறீன் ஒழுங்கான பெண். அறிக்கையை மாற்றுவதற்கு ஒரு வரி தேவை என்றார். ஒரு சடங்குக்காகத்தான், தாயிடம் கேளுங்கள், அறையில் கத்தி எதுவும் இல்லைத்தானே?

நான் கேட்டேன். “உங்கட அறையில கத்தி இருக்கோ?”

“ஓம், இருக்கு,” என்றாள் ஜெசிந்தா. “ஏன் அக்கா, உங்களுக்கு வேணுமே?”

அறைக்கு மேலால் ஒரு விமானம் போனது. அது மெல்லப் போகட்டும் என்று மன்றாடினேன். மொறீனின் காதுக்கு ‘ஓம்’ என்பது ஒரு மூச்சு, அவ்வளவுதான். நான் ‘இல்லை’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் வரி எழுதப்படும், ராக்சி போய்விடும், எல்லோரும் தேத்தண்ணி குடிக்கலாம். அந்தத் தாய் ஒரு பாவமும் அறியாதவள். எனக்கோ ஒரு சொல். ஆங்கிலத்தில் ஒரே ஒரு அசை.

ஏபியைப் பார்த்தேன். அவனுக்கு இந்தமுறை சரியாகவே விளங்கியிருந்தது. அவனும் என்னைப் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்க்கத் தொடங்கினான். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒரு பொய் சொல்வதற்கு எல்லா வசதிகளும் செய்து தரப்பட்டிருந்தன.

ஆனால் சற்று முன்னால் இதே வாயால்தான் ஒரு ‘க்’கை மொறீன் நம்பும்படி செய்திருந்தேன். இந்த வாய் ஒருமுறை வளைந்தால் அந்த ‘க்’கும் சேர்ந்து வளைந்துவிடும். நாளைக்கு யாரோ அந்த அறைக்குள் போய் இழுப்பறையைத் திறந்தால், பெடியன் கத்தியோடு ஓடியது உண்மையாகிவிடும், மெஷின் பொய்யாகிவிடும். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று சொல்வது வீண் பெருமை. யோசிக்க நேரமிருக்கவில்லை. பழக்கம் பேசியது.

“ஆம், இருக்கிறது,” என்றேன் ஆங்கிலத்தில். “ஏன், உங்களுக்கு வேண்டுமா?”

மொறீனின் பேனா நின்றது. “என்ன மாதிரியான கத்தி?”

ஜெசிந்தாவுக்கு இதுதான் முதல்முறையாகத் தனக்குத் தெரிந்த விஷயத்தில் ஒரு கேள்வி. கதிரையின் நுனிக்கு வந்தாள். “மாங்காய் வெட்டிற கத்தி அக்கா. கீழ குடுக்கிற சாப்பாடு ஒண்டும் வாயில வைக்கேலாது. வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டால் தொண்டையால இறங்கும். ஆனால் உதவாத கத்தி. தக்காளியை வெட்டாது, நசிக்கும். இருங்கோ காட்டிறன். தம்பி, ஓடிப் போய் அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு வா.”

டிலான் பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினான்.

“வேண்டாம்,” என்று நான் சொன்னேன். “நோ,” என்று ஏபி சொன்னான். மொறீனுக்கு ஒரு சொல்லும் விளங்காமலே அவரும் கையை நீட்டிக் கதவை மறித்தார். அன்ரன் அண்ணை மட்டும் நிதானமாகச் சொன்னார்: “இரு ராசா. நீ கொண்டு வந்தால் இப்ப உண்மையா கத்தி கொண்டு வந்தவனாப் போயிடுவாய்.”

ஜெசிந்தா சொன்னதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன், கடைசியில் ஏபி போனான். ஒரு வெள்ளைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தான், பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல. மேசையில் விரித்தோம். மஞ்சள் பிடி, விரல் நீளம், ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது. ஜெசிந்தா சொன்னது பொய்யில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று மொறீனுக்கு ஏனோ தோன்றியிருக்க வேண்டும். தன்னுடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு தக்காளித் துண்டை எடுத்து வெட்டிப் பார்த்தார். நசிந்தது. மேசையெல்லாம் சாறு.

அவர் அந்தச் சாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இதையும் கற்றுக்கொள்ளுங்கள்: ஒருவர் தன் மனதை மாற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ஓசைக்கு உரைபெயர்ப்பாளர் தேவையில்லை. கொள்கைகள் பெயர்ச்சொற்களால் எழுதப்படுகின்றன. ஆயுதம். வெளியேற்றம். சனங்கள் வினைச்சொற்களில் வாழ்கிறார்கள். வெட்டுகிறார்கள், தோய்க்கிறார்கள், கத்துகிறார்கள். அந்த மேசையில் இருந்தது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்பதைத்தான் மொறீன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லிஃப்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருக்கிறது,” என்றார் கடைசியில். “சோறு காய்ச்சும் பானை, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், சமையல் சாமான்கள். அறையில் இருந்தால் எடுத்து முன்மேசையில் வைக்க வேண்டும். தேவையென்றால் கேட்டு வாங்கி அங்கேயே பாவிக்கலாம். இது சமையல் சாமான்.” பேனாவை எடுத்தார். “அதுவும் மோசமான சமையல் சாமான்.”

அறிக்கையில் ‘ஆயுதம்’ என்ற சொல் வெட்டப்பட்டது. அந்த மஞ்சள் கத்தி ஒரு கேத்தலின் உறவினர் ஆனது.

நான் ஜெசிந்தாவுக்குச் சொன்னேன். அவள் கண் கலங்குவாள், கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருவத்தை நெரித்தாள். “அப்ப ஒரு வெங்காயம் வெட்ட நாலு மாடி இறங்கி வரவேணுமோ? நீங்கள் ஏன் அக்கா கத்தி இருக்கெண்டு சொன்னனீங்கள்?”

“அவள் என்ன சொல்கிறாள்?” என்றார் மொறீன். “எனக்கு நன்றியா?”

என்ன செய்வது. நான் வாயைத் திறந்தேன், ஜெசிந்தாவே என்னை முந்திக்கொண்டாள், மொறீனை நேராகப் பார்த்து, தமிழிலேயே: “என்ர கத்தியை எடுத்துப்போட்டியள். மகனைத் தந்திட்டியள். நட்டமில்லை.”

அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மொறீன் துவாயை எடுத்துத் தக்காளிச் சாற்றைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். வெளியே ராக்சிக்காரர் ஹோர்னைத் தட்டினார்.

டிலான் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தான். “அன்ரி,” என்றான், குரல் வெளியே வராமல். “அப்ப நான் இதைத் திரும்ப மேல கொண்டு போகலாமோ எண்டு கேளுங்கோ.”

நான் கேட்டேன். மொறீன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார். அதைத் தமிழில் சொல்வதற்கு நான் திரும்பியபோது பெடியன் லிஃப்டுக்குள் நின்றான்.